வரலாற்றுப் பாடநூல் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மத்திய காலத்து அரசு எதைப் பற்றிய பாடமானாலும் 'மன்னர் வரி விதித்தார், மக்கள் செலுத்தினர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். வீட்டு வாசலில் வந்து நின்றது யார், எதில் குறித்துக்கொண்டான், கொடுக்காதவன் கதி என்ன? ஒரு பிள்ளை கேட்டால் ஆசிரியர் விழிப்பார், பாவம், புத்தகத்தில் இருந்தால்தானே.

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டத்தில் மன்னருக்காக வரி வசூலித்த அதிகாரியான ஷெரீப் ஆண்டுக்கு இரண்டு தடவை கருவூலத்துக்குக் கணக்கோடு வந்தாக வேண்டும்; அங்கே மேசைமேல் கட்டம் போட்ட துணி விரித்து, கட்டங்களில் காய் வைத்து நகர்த்தித்தான் கூட்டுவார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்தே புரிந்துகொள்ளலாம். கட்டிய பணத்துக்கு ரசீது? ஒரு குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்தில் வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு பார்லி மணி அளவு. அப்புறம் குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி. ஒருவன் திருட்டுத்தனமாக ஒரு வெட்டுக் கூட்டினாலும் இன்னொரு பாதியோடு பொருந்தாது. 1826 வரை இது புழக்கத்தில் இருந்தது. பழைய குச்சிகளை 1834இல் அடுப்பில் போட்டு எரிக்கப்போய் நாடாளுமன்றமே எரிந்தது தனிக்கதை.

சோழ நாட்டில் வரித் தண்டல் பொறுப்பில் பெரும்பகுதி ஊர்ச் சபையின் தலையில். வரி கட்டாதவர் நிலத்தைச் சபையே விற்றதைச் சொல்லும் கல்வெட்டுகள் உண்டு. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர் ஊராக இறையிலி நிலத்தை, அதாவது வரி இல்லாத நிலத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்கையே தொடங்குகின்றன: ஊர் நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சேரி, சுடுகாடு. நத்தம் வேறு, சேரி வேறு என்று அன்றைக்கே பிரித்து எழுதியிருப்பதையும் பிள்ளைகள் படிக்கட்டுமே, ஏன் மறைக்க வேண்டும்?

இங்கிலாந்தில் 1381இல் நடந்த உழவர் கிளர்ச்சிக்குக் 'கடும் வரி' என்று ஒரே காரணம் போடுகிறீர்கள். சரி, வரி கடுமைதான்: 1377இல் தலைக்கு 4 பென்ஸ், 1381இல் 12. ஆனால் அந்த நான்கே ஆண்டுகளில் பதிவேட்டில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் காணாமல் போனார்கள்! கல்யாணமாகாத தங்கை, விதவை அம்மா என்று கணக்கில் காட்டாமல் விட்டுவிட்டார்கள். விட்டுப்போனவர்களைத் தேடி அதிகாரிகள் மறுபடி ஊருக்குள் நுழைந்தபோதுதான் எசெக்ஸ் மாவட்டத்தில் கைகலப்பே தொடங்கியது.

அடுத்த பதிப்பில் மன்னர் படத்துக்கு ஒதுக்கும் அரைப் பக்கத்தை அந்தக் குச்சிக்குக் கொடுங்கள். வெட்டுகள் தெளிவாகத் தெரியும்படி, இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

இப்படிக்கு,
உங்கள் புத்தகங்களை இன்னும் வாங்கிப் படிக்கும் ஒரு வாசகர்