உப்பு பத்தலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு, அம்மா பக்கத்தில் இருந்ததால் மழுப்பிவிட்டேன். "கொரோனா நேரத்துல நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க" என்றாய். மாப்பிள்ளைக்கு வேலை போய் வீட்டில் இருக்கும் இந்த ஒரு மாதமும் தினம் சண்டை என்று அழுதாய். கொரோனா நேரத்தில் நீ தெற்கே ஜொகூரில் படித்துக்கொண்டிருந்தாய். எங்களைப் பார்த்ததெல்லாம் வீடியோ காலில் பத்து நிமிஷம். உன் போன் வந்தால் இரண்டு பேரும் ஒரே சோபாவில் வந்து உட்காருவோம். வைத்ததும் ஆளுக்கொரு மூலை.

2020 மார்ச் 18 மலேசியா முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பள்ளிக்கூடம் மூடியாச்சு, என் ஸ்கூல் வேன் கீழே கார் பார்க்கில் படுத்துவிட்டது. ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் கடன் தவணை கட்ட வேண்டாம் என்றதால் வேன் தப்பியது. அம்மா வேலை செய்த பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை மட்டும் அனுமதிக் கடிதத்தோடு பாதி ஆட்களை வைத்து ஓடியது. முப்பது வருஷமாக விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினவன், இப்போது கைலியோடு நின்று அவளை வழியனுப்பிக் கதவைப் பூட்டினேன். அது எப்படி இருக்கும் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும்.

கடைக்குக் குடும்பத் தலைவர் ஒருவர்தான் போகலாம், அதுவும் பத்து கிலோமீட்டருக்குள். சரி, இந்த ஒரு வேலையாவது நமக்கு இருக்கிறதே என்று போனால், இஞ்சி என்று நினைத்து, அதே மாதிரி இருக்கும் லெங்குவாஸ் கிழங்கை வாங்கி வந்தேன். அம்மா சிரித்தாள். அதற்கு இரண்டு நாள் நான் பேசவில்லை.

அந்த மார்ச் கடைசியில் மகளிர் அமைச்சு ஓர் அறிவுரை போட்டது, ஞாபகம் இருக்கா? மனைவிமார் தொணதொணக்கக் கூடாது, கார்ட்டூன்ல வர்ற டோரேமோன் மாதிரிக் கொஞ்சிப் பேசணும் என்று. நாடே சிரித்தது, அமைச்சு மன்னிப்புக் கேட்டது. அம்மா வேலை முடிந்து வந்து அதே குரலில், "ஏங்க, குப்பையக் கீழ போட்டீங்களா?" என்றாள். போடவில்லை. சிரிப்பும் வரவில்லை.

ஒரு நாள் ராத்திரி ஏழரை இருக்கும். அவள் வந்ததும் வராததுமாக "என்ன சமையல்?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. தோளில் பையோடு, முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பகல் முழுக்க வீட்டில் இருந்தவன் நான், அரிசிகூடக் களைந்து வைக்கவில்லை.

மறுநாள் சோறும் சாம்பாரும் வைத்தேன். சோறு குழைந்துவிட்டது. அம்மா ஒரு வாய் சாப்பிட்டு, "உப்பு பத்தலை" என்றாள். அப்புறம் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டாள். 2021 அக்டோபரில் மாநில எல்லை திறந்து நீ வந்தபோது, அப்பா சமைக்கிறாரே என்று ஆச்சரியப்பட்டாயே, அது ஒன்றரை வருஷப் பழக்கம்.

அதற்காகச் சண்டை நின்றுவிட்டது என்று நினைக்காதே. குறைந்தது, அவ்வளவுதான். வேலையிலிருந்து வந்து குளித்த பிறகு அரை மணி நேரம் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். முதலில் எனக்குக் கோபம் வரும். அப்புறம் அந்த நேரத்தில் டிவி சத்தத்தைக் குறைக்கக் கற்றுக்கொண்டேன். நீயும் அந்த அரை மணியைக் கேட்டு வாங்கு. மாப்பிள்ளையை வேலை தேடினீங்களா என்று வாசலிலேயே கேட்காதே. அடுப்படியை அவரிடம் விடு. விட்டபின் பின்னால் நின்று திருத்தாதே, உன்னால் அது முடியாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

இன்னொன்று. 2020-இல் தொழிலாளர் சேமநிதியிலிருந்து மாதம் 500 ரிங்கிட் வரை எடுக்கலாம் என்று விட்டார்கள். அம்மா எடுத்தாள். ஒரு தடவைகூட என் கையில் கொடுத்ததில்லை. நான் கடைக்குப் போட்டுப்போகும் நீலச் சட்டை ஆணியில் தொங்கும், அதன் பையில் மடித்து வைத்துவிடுவாள். நானும் என் பணம் மாதிரி எடுத்துக்கொண்டு போவேன். இன்றுவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசினதே இல்லை. அம்மாவிடம் நீயும் கேட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா
ஜெலுத்தோங், பினாங்கு