கிலோ விலையைக் கைவிடுங்கள்: சிறு பவுண்டரி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறு, நடுத்தர இரும்பு பவுண்டரி (உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றி வார்க்கும் ஆலை) உரிமையாளர்களுக்கு வணக்கம்.

பெரிய குழுமங்கள் பவுண்டரிகளை ஒவ்வொன்றாக வாங்கி இணைக்கின்றன. காஸ்டிங் (வார்த்தெடுத்த பாகம்) வாங்கும் நிறுவனங்களும் இருபது பேரோடு மல்லுக்கட்டுவதை விட்டு நான்கைந்து பேரிடம் மட்டும் வாங்கப் பார்க்கின்றன. இதற்கு உங்களில் பலர் காணும் ஒரே வழி, கிலோ விலையைக் குறைப்பது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். மணிக்கு 300 மணல் அச்சு அடிக்கும் தானியங்கி லைனோடு அந்தப் போட்டியில் ஜெயிக்க முடியாது.

அந்த லைனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒரே பேட்டர்ன் (மணலில் அச்சின் வடிவத்தைப் பதிக்கும் மாதிரி) மணிக்கணக்கில் ஓடினால்தான் அதற்குக் கட்டுப்படியாகும். அதனால் இணைப்பு முடிந்த கையோடு ஐம்பது, நூறு எண்ணிக்கை ஆர்டர்களைத்தான் முதலில் கழற்றிவிடுவார்கள்: பம்பு உறை, வால்வு பாடி, பழைய இயந்திரங்களின் உதிரிபாகம். உங்கள் பிழைப்பு அங்கேதான் இருக்கிறது. பேட்டர்ன் மாற்ற முக்கால் மணி நேரம் எடுத்தால் மட்டும் அதுவும் கைநழுவும். அடுத்த பேட்டர்னைச் சூடுபடுத்தி, போல்ட், பின் எல்லாம் பக்கத்தில் எடுத்துவைத்து, பத்து நிமிடத்துக்குள் மாற்றப் பழக்குங்கள்.

இந்த வேலைக்குக் கிலோ கணக்கு உதவாது. இரண்டு காஸ்டிங், இரண்டும் 12 கிலோ என்று வையுங்கள். ஒன்று கோர் (உள்துவாரத்துக்காக அச்சுக்குள் வைக்கும் மணல் கரு) இல்லாத எதிர் எடை, ஓர் அச்சுப் பெட்டிக்கு நான்கு வரும். மற்றது மூன்று கோர் வைத்த வால்வு பாடி, பெட்டிக்கு ஒன்றுதான். ஒரே பெட்டி அங்கே 48 கிலோ தருகிறது, இங்கே 12 கிலோ. இரண்டுக்கும் ஒரே கிலோ விலை சொன்னால், வால்வு பாடி ஆர்டர் கூடக்கூட நஷ்டமும் கூடும். உலோகம், பெட்டி நேரம், கோர், பிசிறு வெட்டும் நேரம் என்று தனித்தனியே விலை போடுங்கள்.

அடுத்தது ஈல்டு, அதாவது உருக்கும் உலோகத்தில் நல்ல காஸ்டிங்காகக் கைக்கு வரும் பங்கு. 55 சதவீத ஈல்டில் ஒரு டன் நல்ல காஸ்டிங்குக்கு 1,818 கிலோ உருக்க வேண்டும். 65 சதவீதமானால் 1,538 கிலோ போதும். இண்டக்சன் உலையில் டன்னுக்கு 600 யூனிட் என்று வைத்தால், மிச்சமாகும் 280 கிலோவில் 168 யூனிட் மின்சாரம் தப்புகிறது. ஈல்டு ஏன் விழுகிறது? சுருக்கக் குழி வந்தவுடன் ரைசரை, அதாவது உறையும் காஸ்டிங்குக்கு உலோகம் ஊட்டும் தேக்கத்தை, பெரிதாக்குகிறோம், பிறகு அதைக் குறைப்பதே இல்லை. இரும்பு உறையும்போது கிராபைட் உருவாகி விரிந்து சுருக்கத்தின் பெரும்பகுதியை ஈடுகட்டும். அச்சு இளகலாக இருந்தால் அந்த விரிவு மணல் சுவரைத் தள்ளிவிட்டு, உள்ளே குழியை விட்டுவிடும். அச்சுக் கடினம் 85-க்குக் கீழே காட்டினால் ரைசரில் கைவைக்காதீர்கள், மணலை இடித்து இறுக்குவதைச் சரிசெய்யுங்கள்.

காலையில் நன்றாக வந்த காஸ்டிங் மதியத்துக்கு மேல் ஊதுத்துளையோடும் மணல் துளையோடும் வந்தால், திரும்பி வரும் மணலின் சூட்டைப் பாருங்கள். 50 டிகிரியைத் தாண்டினால் மிக்சரில் 3.5 சதவீதம் இருந்த ஈரம், பெட்டிக்கு வருவதற்குள் பறந்துவிடும். ஆவி குளிர்ந்த கோர் மேல் படியும். மணல் காய்கிறதே என்று ஆட்கள் தண்ணீரைக் கூட்ட, வாயுவும் கூடும். ஒரு கிலோ உலோகத்துக்கு நான்கு கிலோ மணல்தான் என்றால் சூடேறத்தான் செய்யும். எட்டு கிலோவாவது வேண்டும்.

ஒப்பந்தங்களையும் எடுத்துப் பாருங்கள். ஒரே வாடிக்கையாளர் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அவர் சப்ளையரைக் குறைக்கும் நாளில் உங்கள் உலையும் அணையும். ஸ்கிராப் விலை ஏறினால் காஸ்டிங் விலையும் ஏறும் என்ற விதி, ஆர்டரை நிறுத்த ஆறு மாத முன்னறிவிப்பு, அவருக்காகச் செய்து வைத்திருக்கும் கையிருப்புக்குப் பணம் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். பேட்டர்ன் பெரும்பாலும் வாடிக்கையாளருடையது, கேட்டால் கொடுத்தாக வேண்டும். ரன்னர் (அச்சுக்குள் உலோகம் ஓடும் வாய்க்கால்), ரைசர் வரைபடமும் ஊற்றும் சூட்டுக் குறிப்பும் உங்களுடையவை. பேட்டர்னோடு அவற்றையும் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள்.

விற்றுவிடலாம் என்று நினைப்பவர்கள், ஆர்டர் நிரம்பியிருக்கும்போதே பேசத் தொடங்குங்கள். லைன் காலியான பிறகு வருபவர் நிலத்துக்கும் மின் இணைப்புக்கும் மட்டும்தான் விலை சொல்வார்.

இப்படிக்கு,
வார்ப்புமுறை வகுக்கும் பொறியாளர்கள் சிலர்