நெரிசலுக்குத் தப்ப எந்த வண்டி?

குரோம்பேட்டை, சென்னை

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. கூடுவாஞ்சேரியிலிருந்து எழும்பூருக்கு எந்த லோக்கலில் ஏறினால் நசுங்காமல் போகலாம் என்று கேட்டிருந்தாய். அப்படி ஒரு ரகசிய வண்டி இல்லையம்மா. இருந்தாலும் நாலு பேருக்குத் தெரிந்ததும் அதுவும் நிரம்பிவிடும்.

சாலை நெரிசலைப் பற்றி வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் 1969இல் எழுதியதை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். எல்லோரும் ஒரே நேரத்துக்குப் போய்ச்சேர விரும்பினால், முன்கூட்டிப் போகிறவர் வீணாகக் காத்திருக்கிறார், சரியான நேரத்துக்குப் போகிறவர் வரிசையில் நிற்கிறார், பிந்திப் போகிறவர் அதற்குரிய ஏச்சை வாங்குகிறார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மூவர் படும் பாடும் ஏறக்குறைய ஒன்றுதான். ரயிலில் வரிசைக்குப் பதிலாக நெரிசல், அவ்வளவே. சீசன் டிக்கெட் ஆறு மணிக்கும் எட்டரை மணிக்கும் ஒரே கட்டணம் என்பதால், நெரிசலுக்கான மிச்ச விலையைத் தூக்கத்திலோ உடம்பிலோ கட்டுகிறோம். முதல் வகுப்பிலும், 2025 ஏப்ரலில் விடப்பட்ட ஏ.சி. மின்சார ரயிலிலும் மட்டும் அதைப் பணமாகக் கட்டலாம்.

விடிகாலை வண்டியில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடி போகும் உன் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய பிள்ளை இல்லை. அவர் கணக்கு உனக்கு ஒத்துவராது.

செங்கல்பட்டு வண்டி சிங்கப்பெருமாள் கோவில், மறைமலைநகர்க் கூட்டத்தைச் சுமந்துகொண்டுதான் உன்னிடம் வருகிறது. தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்தே புறப்படும் வண்டிக்கு மாறலாம்; சில நிமிடங்கள் போனாலும் உட்கார வாய்ப்பு உண்டு. ஆனால் வந்த வண்டியிலிருந்து ஆட்கள் இறங்குவதற்குள் சன்னல் வழியே கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிக்கிறவர்களோடு நீ போட்டியிட வேண்டும், அது உன் சுபாவத்துக்கு ஆகாது. மாறாமலே வந்தால் கிண்டியிலும் மாம்பலத்திலும் பெருங்கூட்டம் இறங்கிவிடும். அதன்பின் உனக்கு எழும்பூர் நாலாவது நிலையம்தான். ஆகவே உன் துன்பமெல்லாம் மாம்பலம் வரைக்கும்தான் என்று வைத்துக்கொள். எதில் போனாலும், கையெழுத்து நேரத்துக்குக் கச்சிதமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டியை நம்பாதே. கூட்டம் ஏறி இறங்க ஒவ்வொரு நிலையத்திலும் நேரம் பிடிப்பதால் பிந்துவதும் பெரும்பாலும் அதுவே. அதற்கு முந்தையதைப் பிடி.

சிங்கப்பூரில் 2013இல், காலை 7.45க்குள் நகர்மைய நிலையங்களில் வெளியேறுவோருக்குப் பயணத்தை இலவசமாக்கிப் பார்த்தார்கள். நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தவருக்கு அது பயன்படும். ஒன்பதரைக்குக் கட்டுண்டவருக்கு எதை இலவசமாகத் தந்து என்ன? அந்த ஒன்பதரையை வைத்தது ரயில்வே அல்ல, உன் அலுவலகம். ஆகவே வண்டியை ஆராய்வதை விட்டுவிட்டு, பத்தரைக்கு வந்து அதற்கேற்ப மாலையில் தாமதமாகக் கிளம்ப அனுமதி கேள். வாரத்தில் இரண்டு நாளுக்கென்று தொடங்கினால் மறுப்பது அவர்களுக்குக் கடினம்.

கேட்டுவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுது. மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
அப்பா