முத்து இருந்த இடத்தில் இயர்பட்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய ஓவியங்களுக்குள் மொபைலையும் ஹெட்போனையும் நுழைத்து ஸ்கிரீன் பிரிண்ட் (வலைத்துணி வழியே மையைத் தள்ளி அச்சிடும் முறை) போடுகிற இன்றைய ஓவியர்களைப் பற்றி உங்கள் கலைப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொந்தமாக யோசிக்கத் தெரியாதவர்கள் செய்கிற வேலை என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட்டார் கட்டுரையாளர். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை.

அடுத்தவர் வரைந்த படத்தில் தன் காலத்து ஆளைக் கொண்டுவந்து வைப்பது இன்று நேற்று தொடங்கிய பழக்கமா என்ன? இத்தாலிய ஓவியர் டிஷியன் 1538 வாக்கில் வரைந்த, படுத்திருக்கும் காதல் தேவதை வீனஸின் அதே கிடையில்தான் பிரெஞ்சு ஓவியர் மனே 1863இல் தன் காலத்துப் பாரிஸ் பெண்ணைப் படுக்க வைத்து 'ஒலிம்பியா' வரைந்தார், கால்மாட்டில் நாய் இருந்த இடத்தில் கறுப்புப் பூனை. பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள், ஆனால் இன்று அதை யாரும் திருட்டு என்பதில்லை. பிக்காசோவும் 1957இல் பழைய ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்' என்ற ஒரே ஓவியத்தை வைத்துக்கொண்டு 40க்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார்.

சரி, கம்ப்யூட்டரில் ஒட்டி அச்சடிப்பதும் அதுவும் ஒன்றா என்று கேட்கலாம். ஸ்கிரீன் பிரிண்ட் அப்படி பட்டனை அழுத்தினால் வந்துவிடுகிற சமாச்சாரம் இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், ஒவ்வொன்றிலும் எமல்ஷன் என்ற ஒளிபட்டால் இறுகும் பூச்சைப் பூசி, பாசிட்டிவ் என்ற படம் பதிந்த ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டி (எக்ஸ்போஸ்), கழுவிக் காயவைத்து, அப்புறம்தான் இங்க் ஊற்றி ஸ்க்யூஜி என்ற ரப்பர் பட்டையால் இழுக்க வேண்டும். 8 நிறம், 50 பிரதி என்றால் 400 இழுப்பு, நடுவில் ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடம், ஒரு மயிரிழை விலகினாலும் அந்தத் தாள் வீண்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் முத்துக் காதணிப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே கோடே கிடையாது, வெளிச்சம் அப்படியே கரைந்து போகிறது. கெட்டியான தட்டை நிறங்களில் அச்சடிக்கும்போது அப்படிக் கரைய வழியில்லை, நிழல் எங்கே தொடங்குகிறது என்று ஓவியரே முடிவுகட்டியாக வேண்டும். அதாவது முத்துக்குப் பதிலாக இயர்பட் எதுவும் வைப்பதற்கு முன்பே அது வேறு படமாகிவிடுகிறது. அமெரிக்க ஓவியர் வார்ஹோல் 1984இல் பழைய இத்தாலிய ஓவியர் போட்டிசெல்லியின் வீனஸை எடுத்தபோது புதுப் பொருள் எதையும் சேர்க்கவில்லை, முகத்தையும் பறக்கும் கூந்தலையும் மட்டும் வெட்டியெடுத்து அடர்நிறத்தில் அச்சிட்டார், அதுவே போதுமாக இருந்தது.

அந்த முத்தும் ஒரு பளிச்சென்ற தீற்றல், கீழே வெள்ளைக் காலரின் மங்கலான பிரதிபலிப்பு, அவ்வளவுதான். காதில் மாட்டுகிற கொக்கியே வரையப்படவில்லை என்று அந்த ஓவியத்தை வைத்திருக்கிற நெதர்லாந்தின் மௌரிட்ஸ்ஹுயிஸ் அருங்காட்சியகம் 2020இல் வெளியிட்ட ஆய்வும் சொல்கிறது. அந்தரத்தில் நிற்கிற அந்த ஒளிப்பொட்டின் இடத்தில் ஓர் இயர்பட்டை வைத்துப் பாருங்கள், அவள் ஏன் திரும்பினாள் என்ற கேள்வியே மாறிவிடுகிறது. நாம் கூப்பிட்டது அவள் காதில் விழுந்ததா, இல்லை வேறெதையோ கேட்டபடி தற்செயலாகத் திரும்பினாளா? தெருச்சுவர்களில் வரையும் பேங்ஸி என்ற ஓவியர் 2014இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இதே பெண்ணைச் சுவரில் வரைந்தபோது, அங்கே ஏற்கெனவே மாட்டியிருந்த அலாரம் பெட்டியையே காதணியாக்கினார். புதுப் பொருள் இப்படிப் படத்துக்குள் ஒரு வேலை செய்ய வேண்டும்.

மோனாலிசா கையில் சும்மா ஒரு மொபைலைத் திணித்து விற்கிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்தான். பழைய ஓவியங்களுக்குக் காப்புரிமைத் தொல்லை இல்லாததால் சோம்பேறிகளுக்கும் அது வசதியாகிவிட்டது. அவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன், ஆனால் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். இனி இப்படி ஒரு படத்தை வெளியிட்டால் மூல ஓவியத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். அது கையால் இழுத்த ஸ்கிரீன் பிரிண்டா, கம்ப்யூட்டர் பிரிண்டரில் எடுத்த இங்க்ஜெட் பிரதியா, மொத்தம் எத்தனை பிரதி என்று கீழே ஒரு வரியும் சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்