முடிவுரை பற்றி நண்பனுக்கு

திருத்துறைப்பூண்டி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே சம்பா நடவு முடியப்போகிறது.

உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் கட்டுரையின் முடிவுரையில் ‘இவ்வாறு இக்கட்டுரையில் கண்டோம்’ என்றே எழுதுவதாக வருத்தப்பட்டிருந்தாய். என் வகுப்பிலும் அதேதான். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. குறிப்புச்சட்டகம் போட்டு, முன்னுரை, முடிவுரை என்று தலைப்பு எழுதப் பழக்கியது நாம்தானே. முடிவுரையில் என்ன வரவேண்டும் என்றுதான் சொல்லித் தரவில்லை.

போன மாதம் ‘நீர் மேலாண்மை’ என்று தலைப்பு கொடுத்தேன். ஒரு பெண் அருமையாக எழுதியிருந்தாள். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பது, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிவது எல்லாம் வந்துவிட்டது. நடுவே அவள் அப்பா ராத்திரியில் டார்ச்சும் மண்வெட்டியுமாக வாய்க்காலுக்குப் போகிறார். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை வீட்டுப் பிள்ளை அல்லவா! முடிவுரை மட்டும், ‘எனவே நீரைச் சேமிப்போம், நாட்டைக் காப்போம்.’

அந்த வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு, “இது இல்லாவிட்டால் என்ன குறையும்?” என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “ஒண்ணும் குறையாது சார்” என்றாள்.

“நீ எழுதியதில் எது உனக்கு மனசை விட்டுப் போகவில்லை?”

“அப்பா, சார்.”

“சரி, அப்பாவை வைத்து முடி.”

மறுநாள் கொண்டுவந்தாள்: ‘வாய்க்காலைத் தூர் வாரியிருந்தால் அப்பா ராத்திரி தூங்கியிருப்பார். நீர் மேலாண்மை என்று நான் சொல்வது அதைத்தான்.’ படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கட்டுரையில் இல்லாத புதுச் செய்தி எதுவும் அதில் இல்லை. முன்னுரையைத் திரும்பச் சொல்லவும் இல்லை. ஆனால் அதுவரை படித்ததெல்லாம் எதற்காக என்று அங்கேதான் புரிகிறது.

இன்னொரு சிக்கல் நேரம். முன்னுரையிலேயே ஒரு பக்கம் நிரப்பிவிட்டு, மணி அடிக்கும்போது அவசரமாக மூன்று வரி எழுதுகிறார்கள். வாய்க்கால் தொடங்கும் தலைமடையிலேயே தண்ணீர் முழுவதும் நின்றுவிட்ட மாதிரிதான். அதனால் இப்போதெல்லாம், குறிப்பு எழுதும்போதே கடைசி வரியை யோசித்து ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். எழுதி வரும்போது அது மாறினாலும் பரவாயில்லை.

மதிப்பெண் போய்விடுமோ என்று நீ கேட்பாய். முடிவுரை என்ற தலைப்பு அங்கேயே இருக்கட்டும். அதன் கீழே வரும் வரிகளைத்தான் மாற்றுகிறோம்.

தீபாவளிக்கு வரும்போது உன் பிள்ளைகளின் நோட்டு நாலைந்து எடுத்து வா. இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்