அலாஸ்காவில் பறக்கும் மகளுக்கு

அன்புள்ள மலர்,

பழைய விமானிகள் ஹீட்டரும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் பறந்தார்களே, நாங்கள்தான் ரொம்பப் பயப்படுகிறோமோ என்று கேட்டிருந்தாய். எஞ்சின்களோடு காலம் தள்ளிய அப்பனிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

அந்த ஆட்கள் இறங்கியதும் முதல் வேலையாக, ஆயில் சூடாக இருக்கும்போதே டப்பாவில் வடித்து வைத்துக்கொள்வார்கள். காலையில் அதை அடுப்பில் காய்ச்சுவார்கள். எஞ்சினைக் கித்தானால் மூடி அடியில் நெருப்பு வைப்பார்கள். கித்தான் பற்றிக்கொள்ளாமல் ஒருவர் காவல் இருக்க வேண்டும். சக்கரத்துக்குப் பதில் பனியில் சறுக்க மாட்டிய ஸ்கீ கட்டைகள் பனியோடு உறைந்து ஒட்டாதிருக்க அவற்றின் கீழே மரக்கிளைகள். எல்லாமே நேரத்தைக் கொட்டிச் செய்த வேலை. அவர்களைத் துணிச்சல்காரர்கள் என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பொறுமையை மறந்துவிட்டோம்.

அதனால் யாராவது உனக்கு ஒரு குளிர்கால உத்தி சொல்லிக்கொடுத்தால், அது வேலையைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று பார். 'இறக்கையில் உறைபனி கொஞ்சம்தான், ஓடும்போது போய்விடும்' என்பது இரண்டாவது ரகம். மணல்தாள் அளவு சொரசொரப்பே விமானத்தை மேலே தூக்கும் ஏற்றுவிசையை 30 சதவீதம் வரை குறைத்து, பின்னுக்கு இழுக்கும் காற்றின் இழுவையை 40 சதவீதம் வரை கூட்டிவிடும். உறைபனியைத் தேய்த்து வழவழப்பாக்கினால் போதும் என்று அமெரிக்க விதிகளே ஒரு காலத்தில் சில வகைப் பறப்புகளுக்கு விட்டுவைத்திருந்தன. 2010-இல்தான் அதை எடுத்தார்கள். எனக்கு அந்தச் சலுகை என்றைக்குமே பிடித்ததில்லை.

எஞ்சின் விஷயமும் அப்படித்தான். ஸ்டார்ட் ஆகிவிட்டதே என்பது ஒரு பதிலா? குளிரில் அலுமினிய உறை உள்ளே இருக்கும் எஃகுத் தண்டைவிட அதிகமாகச் சுருங்கும். பேரிங் இடைவெளி குறுகும். ஆயிலோ கெட்டியாகி அங்கே போய்ச் சேராது. சிலிண்டருக்கு மட்டும் ஐந்து நிமிடம் சூடு காட்டிவிட்டுக் கிளப்புகிறவர்கள் அந்தத் தேய்மானத்தைப் பார்ப்பதில்லை, பிரித்து மேய்கிற எங்களைப் போன்றவர்கள்தான் பார்க்கிறோம். எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் சம்ப் வரைக்கும் சூடு ஏறட்டும்.

நல்ல உத்தியும் உண்டு. எஞ்சின் உள்ளே சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாயின் நுனியில் ஈரம் உறைந்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, முன்பக்க சீல் பிதுங்கி ஆயில் வெளியே போய்விடும். அதற்காக எஞ்சினை மூடும் கவுலிங் தகட்டுக்குள்ளேயே, சூடான இடத்தில் அந்தக் குழாயில் ஒரு சின்னத் துளை இருக்கும். உன் விமானத்தில் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டச் சொல்.

பழைய ஆட்களில் திறமைசாலிகளும் திரும்பி வராமல் போயிருக்கிறார்கள். 1928-இல் அலாஸ்காவிலிருந்து ஆர்க்டிக்கைத் தாண்டி நார்வேயின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவு வரை விமானம் ஓட்டிய கார்ல் பென் ஐல்சன், அடுத்த வருடமே சைபீரியப் பக்கம் மோசமான வானிலையில் விழுந்து இறந்தார். கதை சொல்லக் கிடைப்பவர்கள் பிழைத்தவர்கள் மட்டும்தானே.

அப்புறம், கேபின் ஹீட்டர். சைலன்சரைச் சுற்றி வரும் காற்றுதான் உள்ளே வருகிறது. அதில் ஒரு விரிசல் போதும், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கூடவே வரும். அதைக் கண்டு சத்தம் போடுகிற கருவி ஒன்றை வாங்கினாயா இல்லையா என்று அடுத்த தடவை முதல் வரியிலேயே எழுது. காசு இல்லை என்று சொல்லாதே, நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா