ஆறரை வருடம் கழித்து வந்த சில்க்ஸாங்

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பா இப்போது ராத்திரியில் கொஞ்சம் சேர்ந்தாற்போல் தூங்குகிறாள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. போன தடவை பேசியபோது உன் குரலே ஓய்ந்து போயிருந்தது. இங்கே எல்லோரும் நலம். புது வேலை பழகிவிட்டது. முன்னைவிட வேலைப்பளு அதிகம்தான், ஆனால் கூட இருப்பவர்கள் நல்ல மனிதர்கள். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதம் முழுக்க நீ கடைசியில் கேட்டிருந்த கேள்விக்குத்தான்: இத்தனை வருடம் காத்திருந்ததற்கு, ஹாலோ நைட் வீடியோ கேமின் தொடர்ச்சியான சில்க்ஸாங் ஈடு கொடுத்ததா? ராத்திரியில் உனக்குக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தை நம்பி அதற்குக் கொடுக்கலாமா?

ஈடு கொடுத்தது. உன் ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் கவலை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். நான் மூன்றாம் அத்தியாயம் வரை போய் முடித்துவிட்டேன். நீ இன்னும் ஆரம்பிக்கவில்லை என்பதால் கதையின் பெரிய விஷயங்களைத் தொடமாட்டேன்.

2019 பிப்ரவரியில் அந்த முதல் ட்ரெய்லர் வந்தபோது நீயும் நானும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தது நினைவிருக்கிறதா? ஹாலோ நைட் வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதைச் செய்தவர்கள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பேர். பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் அவர்கள் திரட்டியது 57,000 ஆஸ்திரேலிய டாலருக்குக் கொஞ்சம் மேல். அந்தத் திரட்டலின்போதே ஹார்னெட் என்ற பாத்திரத்தை வைத்து ஆடும் ஒரு கூடுதல் பகுதியைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். அது வளர்ந்து வளர்ந்து தனி கேமாகவே ஆகிவிட்டது என்பதுதான் அந்த ட்ரெய்லரின் செய்தி. அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். 2022 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் காட்டினார்கள், பன்னிரண்டு மாதத்துக்குள் ஆடலாம் என்றார்கள். 2023 மே மாதம் தள்ளிப்போனது. அதன் பிறகு நீண்ட மௌனம். கடைசியில் 2025 ஆகஸ்ட் 21-ஆம் தேதி சொல்லி, செப்டம்பர் 4-ஆம் தேதி வெளியிட்டுவிட்டார்கள். விமர்சகர்களுக்குக்கூட முன்னதாகத் தரவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்கப் போனதில் ஸ்டீம், நிண்டெண்டோ, பிளேஸ்டேஷன் கடைகள் எல்லாம் திணறின. முதல் நாளே ஸ்டீமில் மட்டும் ஒரே சமயத்தில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு தாமதமானால் உள்ளே ஏதோ கோளாறு என்றுதான் நினைக்கத் தோன்றும். டியூக் நியூகெம் ஃபாரெவர் என்ற கேம் 1997-இல் அறிவிக்கப்பட்டு 2011-இல் வந்து என்ன பாடுபட்டது என்று பார்த்தவர்கள் நாம். இங்கே அப்படி எதுவும் இல்லை. செய்வது பிடித்திருந்ததால் செய்துகொண்டே இருந்தோம் என்று கேமைச் செய்த அரி கிப்சனும் வில்லியம் பெல்லனும் வெளியீட்டுக்கு முன் கொடுத்த பேட்டியில் சொன்னார்கள். கேமை ஆடியபோது அது முழு உண்மை என்று எனக்குப் பட்டது. அவசரமாக ஒட்டவைத்த ஓர் அறையைக்கூட நான் பார்க்கவில்லை. யாருமே போகாத ஒரு மூலையில்கூட, தொங்கும் மணியை ஹார்னெட்டின் ஆயுதமான ஊசியால் தட்டினால் அதற்கென்று ஓர் ஒலி இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தொடர்ச்சிக்காகக் காத்திருக்கும்போது நாம் உண்மையில் கேட்பது பழைய அனுபவத்தையே இன்னொரு முறை. இன்னும் பெரியதாக, இன்னும் அழகாக, ஆனால் அதையே. சில்க்ஸாங் அதைத் தரவில்லை. முதல் மணி நேரத்தில் எனக்குக் கோபம் வந்ததும், பத்தாவது மணி நேரத்தில் வேறு எதையும் யோசிக்க முடியாமல் போனதும் இதனால்தான்.

கைக்குத் தெரியும் முதல் வித்தியாசம் கீழ்நோக்கிக் குத்துவது. பழையதில் குதித்து நேர் கீழே குத்துவோம், எதிரியின் தலையில் பட்டு மேலே எழும்புவோம். விரலுக்கு அது அத்துப்படி. ஹார்னெட் ஆரம்பத்தில் அப்படிக் குத்தமாட்டாள். சாய்வாகப் பாய்வாள். நேர் மேலே நின்று பொத்தானை அழுத்தினால் எதிரியைத் தாண்டிப் போய்விடுவோம். கொஞ்சம் தள்ளி நின்று, எந்தப் பக்கம் பார்த்துப் பாய்கிறோம் என்று கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும். ஹன்டர்ஸ் மார்ச் என்று செம்மண் நிறத்தில் ஓர் இடம் வரும். அங்கே முட்களுக்கு மேலே வரிசையாகச் சிவப்புப் பூக்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாய்ந்து சாய்ந்து பாய்ந்து போக வேண்டும். முதலில் விழுந்துகொண்டே இருந்தேன். பிறகு ஒரு கட்டத்தில் விரல் தானாக அந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டது. அந்த நிமிடத்திலிருந்து எனக்குப் பழைய குத்து வேண்டியிருக்கவில்லை. ஓடிப் பாய்ந்து, விளிம்பைப் பிடித்து ஏறி, அப்படியே சுழன்று இறங்கும் ஹார்னெட்டின் வேகம் வேறு. பழைய கேமின் நாயகனான நைட்டை இப்போது மறுபடி எடுத்து ஆடினால் கால்களில் ஈரத்துணி சுற்றியது போல இருக்கிறது.

குணப்படுத்திக்கொள்வதும் மாறிவிட்டது. முன்பு தரையில் நின்று பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒரு முகமூடி, அதாவது ஓர் உயிர்ப்புள்ளி, திரும்பும். இப்போது சேர்த்த பட்டு நூலையெல்லாம் ஒரேயடியாகச் செலவழித்தால் மூன்று முகமூடிகள் சேர்ந்து திரும்பும், அதுவும் காற்றில் இருக்கும்போதே. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பாதியில் அடி வாங்கினால் நூல் போனது போனதுதான். அதனால் ஒவ்வொரு சண்டையிலும், இப்போது நூலைக் காயத்துக்குச் செலவழிப்பதா, தாக்குதலுக்குச் செலவழிப்பதா என்ற கேள்வி இருந்துகொண்டே இருக்கும். பயந்து ஒதுங்கி நிற்பவனுக்கு நூல் சேராது. நெருங்கி அடித்தால்தான் சேரும். செத்த இடத்தில் விட்டுவந்த கூட்டை மீண்டும் போய் உடைத்தால் நூல் முழுசாக நிரம்பிவிடும். பாஸ் எனப்படும் பெரிய எதிரியின் அறையில் அந்தக் கூட்டைச் சண்டையின் நடுவில் எப்போது உடைப்பது என்பதே ஒரு தந்திரமாகிவிடுகிறது. இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று அங்கே உண்மையிலேயே மனம் நெகிழ்ந்தது.

இனி எனக்குள்ள சண்டையைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் நமக்கு ஐந்து முகமூடிகள். ஆனால் ஆரம்ப பாஸ்களிலிருந்தே நிறைய அடிகள் இரண்டிரண்டாக எடுக்கும். மூன்று அடியில் கதை முடிந்தது. அங்கங்கே ஒளித்துவைத்திருக்கும் துண்டுகளை நான்கு தேடிச் சேர்த்து ஆறாவது முகமூடியை வாங்கினாலும், இரண்டிரண்டாக எடுக்கும் எதிரியிடம் அதே மூன்றாவது அடியில்தான் சாவோம். அலைந்து திரிந்து தேடியவனுக்குக் கிடைக்கும் பரிசு கையில் உணரப்பட வேண்டும். இங்கே அது உணரப்படவில்லை. இது கடினம் என்பதற்காகச் சொல்லும் குறை அல்ல. கடினத்தை நாம் இரண்டு பேரும் விரும்பித்தானே இந்தப் பக்கம் வந்தோம்.

அப்புறம் காசு. இங்கே காசு என்பது ஜெபமாலை மணிகள். அறிவுள்ள பூச்சிகளிடமிருந்துதான் மணி விழும், காட்டு விலங்குகளிடமிருந்து விழாது. உலகத்தின் கதைக்கு அது பொருத்தம், நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேப்புக்கு மணி, பயண நிலையத்தைத் திறக்க மணி, செத்தால் மறுபடி தொடங்கும் இடமான பெஞ்சில் உட்காரவே சில இடங்களில் மணி. கருவிகளை நிரப்ப ஓட்டுச் சில்லுகள் வேறு தனியாக வேண்டும். கஷ்டமான பாஸிடம் கருவிகளை வைத்துப் பயிற்சி செய்தால் சில்லு தீர்ந்துவிடும். பிறகு பாஸை விட்டுவிட்டுச் சில்லு பொறுக்கப் போக வேண்டும். கற்றுக்கொண்டிருப்பவனை அந்த இடத்தில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். வெளியீட்டுக்குப் பிறகு வந்த முதல் திருத்தத்திலேயே (பேட்ச்) மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளிண்டர் என்ற இரண்டு ஆரம்ப பாஸ்களைச் சற்றுத் தணித்து, பெஞ்சுக்கும் பயண நிலையத்துக்கும் ஆகும் செலவையும் குறைத்தார்கள்.

எல்லாவற்றையும்விட என்னைச் சோதித்தது தூரம். லாஸ்ட் ஜட்ஜ் என்று முதல் அத்தியாயத்தின் கடைசியில் ஒரு பாஸ் நிற்பார். சண்டை அபாரம், ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் செத்தால் பெஞ்சிலிருந்து அவரிடம் திரும்பி ஓடும் பாதை நீளம், வழியெல்லாம் தொல்லை. பைல்வாட்டர் என்ற அழுக்குச் சதுப்பு இன்னும் மோசம். அந்தத் தண்ணீரில் விழுந்தால் உடம்பெல்லாம் புழு ஒட்டிக்கொள்ளும். அது இருக்கும்வரை காயத்தை ஆற்ற முடியாது. அங்கேயே பக்கத்தில் ஒரு பெஞ்ச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காதவர்கள் பாஸிடம் திரும்பிப் போக அந்தச் சதுப்பு முழுவதையும் மறுபடி மறுபடி கடக்க வேண்டும். அருவருப்பை இவ்வளவு நேர்த்தியாகச் செய்த இடம் வேறு இல்லை, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வேலை முடிந்து அலுத்து உட்காரும் ஒருவரிடம் அது கேட்கும் விலை ரொம்ப அதிகம்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஏன் ஈடு கொடுத்தது என்கிறேன் தெரியுமா? ஃபார்லூம் என்ற அந்த நாடு. பழைய கேமின் ஹாலோனெஸ்ட் செத்துப்போன ராஜ்ஜியம், நாம் அதற்குள் இறங்கிக்கொண்டே போனோம். இங்கே எல்லாரும் மேலே ஏறுகிறார்கள். உச்சியில் இருக்கும் சிட்டாடல் என்ற கோட்டையை நோக்கி யாத்திரிகர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், பாதிப் பேர் வழியிலேயே விழுகிறார்கள். ஹார்னெட் பழைய நைட் போல ஊமை இல்லை, பேசுகிறாள். எனக்கு முதலில் அது பிடிக்குமோ என்று சந்தேகமாக இருந்தது. ஆனால் அவள் அதிகம் பேசுவதில்லை. கடுமையாக ஒரு வரி, அதற்குள்ளே கொஞ்சம் இரக்கம். ஷெர்மா என்று ஒரு குட்டி யாத்திரிகன் வருவான். மூடிய கதவுக்கு முன்னால் நின்று பாடிக்கொண்டே இருப்பான். கதவை நாம்தான் திறந்துவிடுகிறோம், தன் பாட்டுக்குத்தான் திறந்தது என்று அவன் நம்புகிறான். ஹார்னெட் அவனைத் திருத்துவதில்லை. அந்த ஒரு இடத்தில் அவள் யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பிறகு அவளே ஊசியில் நூலைக் கட்டி மீட்டக் கற்றுக்கொள்வாள். பக்கத்தில் யார் இருந்தாலும் கூடச் சேர்ந்து பாடுவார்கள், ஒவ்வொருவருக்கும் தனிப் பாட்டு. யாரைப் பார்த்தாலும் உடனே வாசித்துப் பார். இரண்டு கேமுக்கும் இசையமைத்த கிறிஸ்டோபர் லார்கினின் இசை முன்பு பின்னணியில் இருந்தது, இப்போது கதைக்குள்ளேயே வந்துவிட்டது.

பழையதில் மேப் விற்கும் கார்னிஃபரை நீ அவ்வளவு ரசித்தாயே, சிதறிய காகிதங்களைப் பார்த்ததும் முணுமுணுப்புக் கேட்கிறதா என்று நிற்பாயே. இங்கே அந்த இடத்தில் ஷக்ரா. சுவரில் குத்தி நிற்கும் வளையங்களும் தூரத்தில் கேட்கும் அவள் பாட்டும்தான் அடையாளம். ஆனால் இவள் போர்வீராங்கனை, தன் குருவைத் தேடி அலைபவள். பழையதை நினைவுபடுத்திவிட்டு வேறு ஒன்றாக மாற்றித் தருகிறார்கள். கேம் முழுக்க இதே போக்குத்தான். வேறு யாராவது செய்திருந்தால் கார்னிஃபரையே திரும்பக் கொண்டுவந்து நம்மைக் கைதட்ட வைத்திருப்பார்கள்.

உன் ஒரு மணி நேரத்துக்கு வருகிறேன். ஆரம்பிக்கும் நாளில் பாஸை நோக்கிப் போகாதே, ஊரைச் சுற்று. ஒரு பாஸிடம் மாட்டிக்கொண்டால் அன்று அங்கேயே நிற்காமல் வேறு வழியில் போ. முதல் அத்தியாயம் நினைப்பதைவிட அகலம், எப்போதும் இன்னொரு பாதை இருக்கிறது. கையில் மணி சேர்ந்ததும் கோத்து வைத்துக்கொள். கோத்த மணி செத்தாலும் போகாது, கோக்கக் கொஞ்சம் செலவானாலும் பரவாயில்லை. ஹன்டர்ஸ் மார்ச்சில் ஒரு பெஞ்சைப் பார்த்ததும் ஓடிப்போய் உட்காராதே, அது பொறி. அதை முடக்கும் வழி பக்கத்திலேயே இருக்கிறது, தேடு. சாய்வுக் குத்து கடைசிவரை ஒத்துவரவில்லை என்றால் தாக்கும் முறையை மாற்றும் சின்னங்களில் ஒன்றான வாண்டரர் முதல் அத்தியாயத்திலேயே கிடைக்கும். அதை அணிந்தால் பழைய நைட்டைப் போலவே நேர் கீழே குத்தலாம். நான் மட்டும் ரீப்பர் என்ற இன்னொரு சின்னத்திலேயே நின்றுவிட்டேன். அகலமான வீச்சு, நூலும் கூடுதலாகச் சேரும், அடித்தால் மனதுக்கு அவ்வளவு திருப்தி.

எங்கே நிற்கிறாய் என்று எழுது. கேமில் கிரேமூர் என்ற பகுதியைத் தாண்டிவிட்டால் உடனே எழுது, அந்த இடத்தைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் யாரும் கிடைக்கவில்லை. பாப்பாவின் படம் ஒன்று அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கார்த்தி